பெயர் தெரியாத காய்ச்சலும், பெயர் கண்டுபிடித்த டாக்டரும்

காய்ச்சல் என்று யார் வந்தாலும் நான் எடுத்த எடுப்பில் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. "என்ன வேலை பார்க்கறீங்க? எந்த ஊரு? வீட்டிலே வேற யாருக்காவது இருக்கா? ஆடு மாடு வளர்க்கறீங்களா?" என்று நாலு கேள்வி கேட்பேன். சிலருக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். "சூடு கொதிக்குது, இந்த டாக்டர் மாட்டைப் பத்தி விசாரிக்கிறாரே!" என்று முணுமுணுப்பார்கள்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. சித்த மருத்துவத்தில் யூகி முனிவரின் நூல் சுரத்தை 64 வகையாகப் பிரிக்கிறது. தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே சூடுதான். ஆனால் உள்ளே இருக்கும் நோய் வேறு வேறு. நோயின் பெயர் தப்பினால் மருந்து தப்பும். அது ஒரு நோயாளியோடு போகும். தடுப்பு முறை தப்பினால் என்ன ஆகும்? ஊரே மாட்டிக்கொள்ளும்.

இது வெறும் பேச்சில்லை. மலேசியாவில் 1998-லும் 1999-லும் உண்மையாகவே நடந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் சுவா காவ் பிங் என்ற வைரஸ் ஆராய்ச்சி டாக்டர். அவர் கதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

கொசு மேல் விழுந்த பழி

1998 செப்டம்பர் கடைசி. மலேசியாவில் பேராக் மாநிலம், ஈப்போ நகரத்தை ஒட்டிய பகுதி. அங்கே பன்றிப் பண்ணைகள் அதிகம். பண்ணை வேலையாட்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். முதலில் தலைவலி, காய்ச்சல். பிறகு மயக்கம், குழப்பம், பிதற்றல். சிலருக்கு வலிப்பு. அடுத்து நினைவு தப்பியது. நம் ஊரில் பெரியவர்கள் 'சன்னி கண்டுவிட்டது' என்பார்களே, அந்த நிலைதான்.

பரிசோதனை செய்தபோது சிலருடைய ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. "அப்படியா, இது அதுதான்" என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நமக்கும் புதிதல்ல. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955-ல், நம்முடைய வேலூர்ப் பகுதியில்தான். நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகுகிற க்யூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் பெருகும். அவற்றைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் நமக்கு வரும்.

பன்றி இருக்கிறது, மூளைக்காய்ச்சல் இருக்கிறது, கொசுவும் இருக்கிறது. அதிகாரிகள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஊரெல்லாம் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த நோய்க்கான தடுப்பூசி போட்டார்கள்.

ஆனால் நோய் நிற்கவில்லை.

கணக்கு உதைத்தது

எங்கே உதைத்தது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒன்று: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கிற வயதில் இருந்த ஆண்கள்.

இரண்டு: கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. வீட்டில் தூங்குகிற பாட்டியையும் கடிக்கும், பேரனையும் கடிக்கும். இங்கேயோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்குத்தான் நோய் வந்தது. பக்கத்திலேயே குடியிருந்து, பன்றியின் பக்கமே போகாத முஸ்லிம் குடும்பங்கள் தப்பித்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணை வேலைக்குப் போன இந்தியர்களும் இருந்தார்கள்.

மூன்று: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் உடம்பில் புகுந்தாலும் மிகச் சிலருக்கே நோயாக மாறும். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் படுப்பது அபூர்வம். இங்கே அது சர்வ சாதாரணமாக நடந்தது.

நான்கு: தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள்.

ஐந்து: பன்றிகளே நோயில் கிடந்தன. நாய் குரைப்பது மாதிரி உரக்க இருமின. ஜப்பானிய வைரஸ் பன்றிக்குள் பெருகினாலும் அதை இப்படி இரும வைப்பதில்லை.

அப்புறம் ஏன் ரத்தப் பரிசோதனை அப்படிச் சொன்னது? ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அந்த நோய் எப்போதோ வந்து போயிருக்கலாம், அல்லது தடுப்பூசி போட்டிருக்கலாம். இன்றைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். லேப் ரிப்போர்ட் என்பது ஒரு சாட்சி. தீர்ப்பு அல்ல.

இதற்குள் இன்னொரு விபரீதம் நடந்தது. ஈப்போ பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பயந்துபோய்ப் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவை லாரி ஏறித் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போயின. அங்கே புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிபா என்று பெரிய பெரிய பன்றிப் பண்ணை ஊர்கள். நோயும் கூடவே லாரியில் போய் இறங்கியது. கொசுவை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நிஜமான எதிரி நெடுஞ்சாலையில் பயணம் செய்துகொண்டிருந்தது.

குடுவைக்குள் கிடைத்த விடை

1999 மார்ச். கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. அங்கே வைரஸ் துறையில் பயிற்சியில் இருந்தார் டாக்டர் சுவா. இறந்துபோன நோயாளிகளின் முதுகுத் தண்டு நீரை எடுத்து, 'வீரோ' செல்கள் என்று சொல்லப்படும் செல்களில் விட்டு வளர்த்தார். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்கள் அவை. வைரஸ் என்பது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

சில நாட்களில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்து, பல உட்கருக்கள் உள்ள பெரிய பெரிய செல்களாக மாறியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றால் இப்படி ஒரு காட்சியை அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. இது வேறு என்னவோ!

அந்த வைரஸை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஃபோர்ட் காலின்ஸ் கூடத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததும் விஷயம் உடைந்தது. கொசு பரப்பும் வைரஸ் குடும்பமே இல்லை அது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி இவற்றை உண்டாக்கும் வைரஸ்களின் உறவுக்காரன்! அட்லாண்டா நகரத்துக் கூடத்தில் மேலும் சோதித்தார்கள். 1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும், அவற்றைப் பழக்கியவரையும் கொன்ற 'ஹென்ட்ரா' வைரஸுக்கு இது நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது.

புது வைரஸுக்கு, அது எடுக்கப்பட்ட நோயாளியின் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். சுங்கை நிபா. அதுதான் நாம் இன்று சொல்கிற 'நிபா'.

பெயர் தெரிந்ததும் வழி தெரிந்தது. பன்றியின் எச்சில், சளி, சிறுநீர் பட்டால்தான் நோய் வருகிறது. ராணுவத்தையும் இறக்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். பன்றிகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதைத் தடுத்தார்கள். சில வாரங்களில் நோய் அடங்கியது.

மலேசியாவில் மூளைக்காய்ச்சல் கண்டவர்கள் 265 பேர். இறந்தவர்கள் 105 பேர். அங்கிருந்து இறக்குமதியான பன்றிகளால் சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்து, ஒருவர் இறந்தார். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற 94 பேரை விசாரித்ததில், நூற்றுக்கு 93 பேர் பன்றியோடு நேரடியாகப் புழங்கியவர்கள். அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள்.

'என்ன வேலை பார்க்கறீங்க?' என்ற கேள்விக்கு எத்தனை மதிப்பு என்று இப்போது புரிகிறதா?

பன்றிக்கு எங்கிருந்து வந்தது?

இத்தோடு டாக்டர் சுவா ஓய்ந்துவிடவில்லை. 'பன்றிக்கு யார் கொடுத்தது?' என்று அடுத்த கேள்வியைப் போட்டார். ஹென்ட்ரா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆகவே சந்தேகம் வௌவால் மேல் போனது.

தியோமான் என்ற தீவில் ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் மரங்களில் தொங்குகின்றன. அவற்றை வலைபோட்டுப் பிடிக்காமலே ஒரு யோசனை செய்தார்கள். மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து வைத்தார்கள். விரிப்பில் விழுந்த சிறுநீரைத் துளித்துளியாகச் சேகரித்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் பொறுக்கினார்கள். சிறுநீரிலும் நிபா இருந்தது. பாதி கடித்துப் போட்ட ஜம்புப் பழம் ஒன்றிலும் இருந்தது!

ஈப்போ பக்கத்தில் முதலில் நோய் கண்ட பெரிய பண்ணையில், பன்றிக் கொட்டிலை ஒட்டியே மாமரங்கள் நட்டிருந்தார்கள். ராத்திரியில் வௌவால் வந்து மாம்பழத்தைக் கடிக்கும். மிச்சம் கொட்டிலுக்குள் விழும். பன்றி தின்னும். பன்றிக்குள் பெருகிய வைரஸ் மனிதனுக்கு வரும். ஒரே இடத்தில் பழத்தோட்டமும் வேண்டும், பன்றிப் பண்ணையும் வேண்டும் என்று நினைத்தது லாபக் கணக்கில் சரி. நோய்க் கணக்கில் அது பெரிய தப்பாகப் போயிற்று.

இந்த ஆராய்ச்சியின்போதே வௌவால் சிறுநீரிலிருந்து 'தியோமான்' என்ற இன்னொரு புது வைரஸும் கிடைத்தது. பிற்பாடு 2006-ல், மலாக்காவில் ஒருவருக்குக் காய்ச்சலும் கடுமையான இருமலும் வந்தபோது டாக்டர் சுவாவின் குழு மறுபடி விசாரித்தது. காய்ச்சலுக்குச் சுமார் ஒரு வாரம் முன்னால் அவர் வீட்டுக்குள் ஒரு வௌவால் புகுந்து போயிருந்தது. அந்த நோயாளியிடமிருந்து கிடைத்ததுதான் 'மலாக்கா' வைரஸ். பாருங்கள், விசாரணை ஒழுங்காக இருந்தால் விடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

ஊருக்கு ஊர் வழி மாறும்

நிபா எல்லா ஊரிலும் பன்றி வழியாகத்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வங்காளதேசத்தில் 2001 முதல் அது பல முறை வந்திருக்கிறது. அங்கே பன்றிக்குப் பங்கில்லை. ஈச்ச மரத்தில் கலயம் கட்டிச் சாறு இறக்குவார்கள். ராத்திரியில் வௌவால் வந்து அதை நக்கிவிட்டுப் போகும். காலையில் மனிதர்கள் அதைப் பச்சையாகக் குடிப்பார்கள். மூங்கில் தட்டி கட்டி மரத்தின் சீவிய இடத்தை மூடினால் வௌவால் நெருங்க முடிவதில்லை. எத்தனை எளிய தடுப்பு!

நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, 17 பேர் இறந்தார்கள். அங்கே பன்றியும் இல்லை, சாறும் இல்லை. முதல் நோயாளிக்கு அடுத்து, ஆஸ்பத்திரியில் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவியது. நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் அதில் உயிரை விட்டார். ஆனால் ஒரு நல்ல விஷயம் அங்கே நடந்தது. ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் மூளைக்காய்ச்சலோடு வந்ததுமே டாக்டர்களுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. உடனே பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நோயின் பெயர் தெரிய, மலேசியாவில் சுமார் ஆறு மாதம் ஆனது. கோழிக்கோட்டிலோ அந்த மே மாதமே தெரிந்துவிட்டது. அதனால் காப்பாற்றப்பட்டவர்களை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. நோயே வராதவர்களை எப்படி எண்ணுவது?

மூன்று வழிகளைப் பிரித்துப் பாருங்கள்

வைரஸ் காய்ச்சல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் வழி: மனிதன், கொசு, மனிதன். டெங்குவும் சிக்குன்குனியாவும் இந்த ரகம். பரப்புவது ஏடிஸ் கொசு. வீட்டைச் சுற்றி உள்ள நல்ல தண்ணீரில் முட்டையிடும். பகலில் கடிக்கும். இதற்குத் தடுப்பு உங்கள் வீட்டுத் தொட்டியிலும், பழைய டயரிலும், தேங்காய் ஓட்டிலும்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

இரண்டாவது வழி: விலங்கு, பூச்சி, மனிதன். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்த ரகம். மாலையிலும் இரவிலும் கடிக்கும் கொசு பரப்புகிறது. கர்நாடகத்தில் 1957-ல் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்த கியாசனூர் காட்டுக் காய்ச்சலும் இதே ரகம்தான். அதில் கொசுவுக்குப் பதில் உண்ணி. கொசுவலை வேண்டும். பன்றிக் கொட்டில் வீட்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் குழந்தைகளுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டால் தட்டாமல் போடுங்கள். சித்த வைத்தியன் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அவசியம் போட வேண்டும்.

மூன்றாவது வழி: விலங்கிலிருந்து நேராக மனிதனுக்கு. நிபாவும் வெறிநாய்க்கடியும் இந்த ரகம். இங்கே கொசு மருந்து அடித்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. எச்சில், சிறுநீர், ரத்தம் இவற்றிலிருந்து விலகி இருப்பதுதான் தடுப்பு.

"நிலவேம்பு குடிச்சா போதுமா?"

நிபா செய்தி பேப்பரில் வந்தாலே எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். "ஐயா, நிலவேம்புக் குடிநீர் வீட்டிலே இருக்கு. முன்கூட்டியே குடிச்சுட்டா நிபா வராதில்லே?"

பட்டென்று சொல்லிவிடுகிறேன். நிலவேம்புக் குடிநீர் சுரத்துக்கு நாங்கள் கொடுக்கும் நல்ல மருந்து. ஆனால் அது நிபாவைத் தடுக்கும், குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. நிபாவுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆராய்ச்சியில் இருக்கிறது. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பியிருக்கிறது. இப்படிப்பட்ட நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவும், தேவைப்பட்டால் மூச்சுக்கு மெஷினும் வேண்டும். கஷாயம் காய்ச்சுகிற நேரம்கூட அங்கே விலைமதிப்பற்றது.

இன்னொன்று. வௌவால் கறி சாப்பிட்டால் ஆஸ்துமா போகும் என்று சில ஊர்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து தேடிப் போய் வேறு வினையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

அதற்காக வௌவாலை விரட்டுவதோ, மரத்தை வெட்டுவதோ, வெடி வைப்பதோ கூடாது. அது நமக்கு எதிரி இல்லை. எத்தனையோ மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும், விதை பரப்புவதும் அதுதான். கலைத்துவிட்டால் நாலு ஊருக்குச் சிதறும். அதன் மரத்தில் அது இருக்கட்டும். நாம் விலகி இருப்போம்.

நினைவில் வையுங்கள்

* பறவையோ வௌவாலோ கடித்த பழத்தை, கடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள். முழுதாகத் தூக்கிப் போடுங்கள். ஆடு மாடுகளுக்கும் போடாதீர்கள்.

* நல்ல பழத்தையும் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள். கீழே விழுந்த பழத்தைக் குழந்தைகள் பொறுக்கித் தின்ன விடாதீர்கள்.

* மரத்திலிருந்து இறக்கிய சாற்றைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது. கலயத்தின் வாயை மூடி வையுங்கள்.

* கால்நடைக் கொட்டிலுக்கு மேலே பழமரம் கவிந்திருந்தால், கூரை போட்டுவிடுங்கள். தீவனத் தொட்டியை மூடி வையுங்கள்.

* கால்நடைகள் கூட்டமாக இருமினாலோ செத்தாலோ விற்றுத் தலைமுழுக நினைக்காதீர்கள். கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். ஈப்போவிலிருந்து புறப்பட்ட லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

* காய்ச்சலோடு கடுமையான தலைவலி, குழப்பமான பேச்சு, அதிகத் தூக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இவற்றில் எது இருந்தாலும் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 'சன்னி' என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

* அப்படிப்பட்ட நோயாளியைக் கவனிக்கும்போது முகக்கவசம், கையுறை அவசியம். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே தட்டு, ஒரே டம்ளர் வேண்டாம்.

* டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: என்ன வேலை, கடந்த இரண்டு மூன்று வாரத்தில் எந்த ஊருக்குப் போனது, எந்த விலங்கோடு புழங்கியது, வீட்டிலோ வேலை இடத்திலோ வேறு யாருக்குக் காய்ச்சல், என்ன தடுப்பூசி போட்டது.

இந்தக் கடைசிக் குறிப்பை மட்டும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைத்துவிடுங்கள். வீட்டில் யாராவது மயங்கிக் கிடக்கும்போது நமக்கு எதுவும் ஞாபகம் வராது. அப்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.